காலி டப்பாவில் மெழுகுவர்த்தி



இந்த மாதச் சுவர் இதழுக்கு "செய்து பார்" பகுதியில் ஏதாவது எழுதச் சொல்லி அறிவியல் டீச்சர் சொன்னாங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். ஹோட்டலிலும் டீக்கடையிலும் தூக்கிப் போடுகிற டின், டப்பா, நசுங்கிய அச்சு இதையெல்லாம் வைத்து மெழுகுவர்த்தி செய்வது. இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு தடவை வீட்டையே கொளுத்தப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் தயவுசெய்து கடைசி வரை படியுங்க. பாதி படிச்சிட்டுப் போய் அடுப்பைப் பத்த வைக்காதீங்க.

எப்படி ஆரம்பித்தது?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை பெய்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டிசம்பர் 1-ஆம் தேதி சாயந்திரம் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவில் இருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் பிள்ளைகள். அந்த நாட்களை நம்ம ஊர் மறக்காது.

அப்போ வேங்கிக்காலில் எங்க தெருவிலும் கரண்ட் இல்லை. நான் எட்டாவது படிச்சேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டது. கடையில் கேட்டால் மெழுகுவர்த்தி தீர்ந்துபோச்சுன்னு சொல்லிட்டாங்க. வீட்டில் பழைய மெழுகுத் துண்டுகள் மட்டும் ஒரு கவரில் இருந்தன.

எங்க அம்மா ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிற வேலை பார்க்கிறாங்க. பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்துக்குச் சமைத்து முடித்த பிறகு அங்கே காலி டின்கள் குவிந்து கிடக்கும். அப்படி அம்மா கொண்டுவந்த ஒரு கெட்டிப்பால் டின்னில் மெழுகுத் துண்டுகளைப் போட்டு, நேராக கேஸ் அடுப்பு மேல வச்சேன். அது உருகுற நேரத்தில் திரிக்கு நூல் தேட உள்ளே போனேன். திரும்பி வந்தால் டின் வாய் முழுக்க நெருப்பு! நான் பயந்துபோய் சொம்பில் தண்ணி மொண்டேன்.

"தண்ணி ஊத்தாதடி!" என்று எங்க ஆயா கத்தினாங்க. ஓடிவந்து அடுப்பை அணைத்தாங்க. தோசைக்கல்லை எடுத்து டின் வாய் மேல மெதுவாகக் கவிழ்த்தாங்க. நெருப்பு அடங்கிப்போச்சு. எங்க ஆயா பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனால் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் என்ன செய்யணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. எனக்குத் தெரியலை.

ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது?

பள்ளி திறந்ததும் டீச்சரிடம் கேட்டேன். அவங்க விளக்கினாங்க. மெழுகு தண்ணீரைவிட லேசானது. எரிகிற மெழுகில் தண்ணீர் ஊற்றினால் அது மெழுகுக்கு அடியில் போய்விடும். அங்கே இருக்கிற சூட்டில் உடனே ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் வேணும். அந்த ஆவி மேலே இருக்கிற எரியும் மெழுகை நாலா பக்கமும் வீசி எறியும். முகத்தில் படும், கூரையில் படும். மூடி போட்டு மூடினால் காற்று கிடைக்காமல் நெருப்பு தானாக அணையும். ஆயா செய்தது சரியான அறிவியல்.

மெழுகு உருகுவதற்கு சுமார் 60 டிகிரி செல்சியஸ் போதும். நேரடித் தீயில் வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும். ஏறக்குறைய 200 டிகிரியைத் தொட்டால் அதன் ஆவி தீப்பிடிக்கும். அதனால் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதற்குள் மெழுகு டின்னை நிறுத்த வேண்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது. அதனால் மெழுகும் போகாது. ஆனால் தண்ணீர் வற்றிப் போகாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்தாலே நான் இந்தக் கட்டுரை எழுதினதுக்குப் பலன் உண்டு.

எந்தப் பாத்திரம் அச்சுக்கு ஆகும்?

கரண்ட் வந்த பிறகு, அம்மா பக்கத்தில் இருக்க, சரியான முறையில் திரும்பவும் செய்தேன். தீப்பிடிக்கவில்லை. ஆனால் மெழுகு டின்னை விட்டு வரவே இல்லை. தட்டினேன், குலுக்கினேன், வெயிலில் வைத்தேன். கடைசியில் டின்னைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இட்லி ஏன் தட்டை விட்டு வருது? சொம்புக்குள்ள மாவை ஊத்தி வேக வச்சா வருமா?" என்று கேட்டாங்க. அப்பத்தான் புரிந்தது.

அச்சு என்றால் உள்ளே போன பொருளை வெளியே விட வேண்டும். அதற்கு மூன்று குணம் வேணும்.

1. அடி குறுகி, வாய் அகன்று இருக்கணும்.
2. உள்பக்கம் வழவழப்பாக இருக்கணும். கையை விட்டுத் தடவினால் எங்கேயும் தடுக்கக் கூடாது.
3. சூட்டைத் தாங்கணும்.

நான் வெட்டிய டின்னில் நடுவில் வரி வரியாக மடிப்பு இருந்தது. வாய் ஓரமும் உள்பக்கம் மடிந்திருந்தது. மெழுகு அந்த மடிப்பில் போய்ப் பூட்டிக்கொண்டது.

நான் செய்து பார்த்ததில் ஆகும் என்று தெரிந்தவை:

பழைய எவர்சில்வர் டம்ளர். அடி கொஞ்சம் குறுகி இருப்பதால் சுலபமாக வரும்.

குல்பி அச்சு. கூம்பு மாதிரி இருக்கும். எல்லாவற்றிலும் இதுதான் முதல் மார்க். குல்பி வண்டிக்காரர்கள் நசுங்கியதைக் கழித்துவிடுவார்கள். கேட்டால் கொடுப்பார்கள்.

பேக்கரியில் கப் கேக் சுடுகிற கிண்ணம். குழி அதிகம் இல்லாததால் மிதக்கும் மெழுகுவர்த்திக்கு ஏற்றது. மெழுகு தண்ணீரைவிட லேசு என்று சொன்னேன் இல்லையா, அதனால் தட்டில் தண்ணீர் வைத்து மேலே மிதக்க விடலாம்.

ஓட்டை இல்லாத பழைய இட்லித் தட்டு, பணியாரக் கல். இதிலும் மிதக்கும் மெழுகுவர்த்தி வரும்.

பார்சல் டப்பா. ஆனால் அடியில் முக்கோணத்துக்குள் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்க. 5 என்றால் சூடு தாங்கும் பிளாஸ்டிக். 1 என்றால் தண்ணீர் பாட்டில் செய்கிற வகை. அதில் சூடான மெழுகை ஊற்றினால் சுருங்கி வளைந்துவிடும், காலில் கொட்டும்.

ஆகாதவை: சொம்பு, கழுத்து குறுகின பாட்டில், ஓட்டை உள்ள இட்லித் தட்டு, விரிசல் விடுகிற கண்ணாடி டம்ளர். வரி உள்ள டின்னை வீணாக்க வேண்டாம். மெழுகை வெளியே எடுக்காமல் டின்னோடு விளக்காக வைத்துக்கொள்ளலாம். எரியும்போது டின் சுடும், ஒரு தட்டின் மேல் வைக்கணும்.

செய்முறை

தேவையானவை: மெழுகு, பருத்தி நூல், தேங்காய் எண்ணெய் சில சொட்டு, துடைப்பக் குச்சி, சின்ன இரும்பு நட்டு, பெரியவர் ஒருவர்.

எவ்வளவு மெழுகு வேணும் என்று தெரிய அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்க. 100 மில்லி தண்ணீர் பிடித்தால் சுமார் 90 கிராம் மெழுகு போதும். அளந்த பிறகு அச்சை ஈரம் இல்லாமல் துடைக்கணும்.

அச்சின் உள்பக்கம் எண்ணெயை விரலால் மெல்லிசாகத் தடவுங்க. மூன்று நூலைப் பின்னிய திரியை உருகிய மெழுகில் நனைத்து எடுங்க. ஒரு முனையில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, மறு முனையை அச்சின் வாய்க்குக் குறுக்கே வைத்த துடைப்பக் குச்சியில் கட்டுங்க. திரி நடுவில் நேராக நிற்கணும். அகலமான மெழுகுவர்த்திக்குத் தடித்த திரி, ஒல்லியானதுக்கு மெல்லிய திரி. மாற்றிப் போட்டால் ஒன்று புகையும், இன்னொன்று மூழ்கி அணையும்.

இப்போ பெரியவர் மெழுகை மெதுவாக ஊற்றட்டும். ஆற ஆறத் திரியைச் சுற்றி ஒரு குழி விழும். பயப்பட வேண்டாம். தண்ணீர் உறைந்தால் விரியும். மெழுகு உறைந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்தக் குழியில் இன்னும் கொஞ்சம் மெழுகு ஊற்றணும். இப்படிச் சுருங்குவதால்தான் மெழுகு அச்சின் சுவரை விட்டு விலகி, கவிழ்த்துத் தட்டியதும் "டொக்" என்று விழுகிறது. முழுசாக ஆறும் வரை, ராத்திரி முழுக்க விட்டால் நல்லது.

மிச்ச மெழுகைச் சாக்கடையிலோ தொட்டியிலோ ஊற்றாதீங்க. உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அம்மா போட்ட கண்டிஷன்

மெழுகு தொட்ட பாத்திரம் திரும்ப அடுப்படிக்கு வரக் கூடாது. பெருங்காய டப்பா காலியானாலும் வாசனை போகாது என்பார்கள். மெழுகும் அப்படித்தான். ஓரத்திலும் இடுக்கிலும் ஒட்டியிருக்கும். அதில் போடுகிற சாயம் சாப்பாட்டில் கலக்கும். அதனால் எங்க வீட்டில் மெழுகுப் பாத்திரங்களுக்கு சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைத்து, வெளியே சாக்குப் பையில் தனியாகத் தொங்கவிட்டிருக்கோம். ஆயாவின் பணியாரக் கல்லில் ஒரு தடவை கேட்காமல் மெழுகு ஊற்றிவிட்டேன். அதுக்கும் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டியதாப் போச்சு. ஆயா ஒரு வாரம் என்கிட்ட சரியாகப் பேசலை.

உங்களுக்குத் தெரியுமா?

* நாம் வாங்குகிற மெழுகு பெரும்பாலும் பாரஃபின். பெட்ரோலியத்தில் இருந்து எடுப்பது. அசாமில் திக்பாய் என்ற ஊரில் 1901-லேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை தொடங்கினார்கள். அங்கேயும் மெழுகு எடுக்கிறார்கள்.

* எரிவது திரி என்றுதான் நினைப்போம். உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. உருகிய மெழுகு நுண்புழை ஏற்றத்தால் திரி வழியே மேலே ஏறி, ஆவியாகி எரிகிறது. மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி 1860 டிசம்பரிலும் 1861 ஜனவரியிலும் லண்டனில் சிறுவர் சிறுமியருக்காக மெழுகுவர்த்தியைப் பற்றி மட்டுமே ஆறு சொற்பொழிவுகள் நடத்தினார். அவர் கொல்லர் வீட்டுப் பிள்ளை. என் வயசில், 14 வயதில், புத்தகம் பைண்டிங் செய்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்தவர்.

* 1990-களில் போர் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் பல வருஷம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயும் சுலபமாகக் கிடைக்காது. அங்கே பிள்ளைகள் காலி ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சும் திரியும் வைத்து அந்த வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். "ஜாம் போத்தல் விளக்கு" என்று அதற்குப் பெயர். (மண்ணெண்ணெய் விளக்கு ஆபத்தானது. யாரும் செய்து பார்க்க வேண்டாம்.)

* நம்ம 2,668 அடி மலை உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றுவதும் இதே கணக்குதான். ஒரு பாத்திரம், எரிபொருள், திரி. பாத்திரம் செப்புக் கொப்பரை. நெய் 3,500 கிலோவுக்குக் குறையாது. திரி 1,000 மீட்டருக்குக் குறையாத துணி.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அம்மா மெஸ்ஸில் இருந்து டின் கொண்டுவருவதைப் பார்த்து முன்பெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். தெருவில் யாராவது பார்த்தால் பையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். இப்போ நானே அம்மாவுக்கு லிஸ்ட் கொடுத்து அனுப்புறேன். "வரி இல்லாத டின், வாய் மடியாத டின்" என்று. போன கார்த்திகைக்கு நாங்கள் செய்த மிதக்கும் மெழுகுவர்த்திகளைப் பக்கத்து வீடுகளில் காசு கொடுத்து வாங்கினாங்க. அந்தக் காசில் அம்மா ஆயாவுக்குப் புதுப் பணியாரக் கல் வாங்கித் தந்தாங்க. இதில் சிவப்புப் பொட்டு இல்லை.

இந்தச் சுவர் இதழுக்குக் கீழே ஒரு அட்டைப் பெட்டி வைக்க டீச்சர் அனுமதி தந்திருக்காங்க. வீட்டில் எரிந்து மிச்சமான மெழுகுத் துண்டு இருந்தால் அதில் போடுங்க. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் எங்க வகுப்பு சார்பில் மெழுகுவர்த்தி செய்து அலுவலக அறையில் வைப்போம். கரண்ட் போய்க் கடையில் கிடைக்கவில்லை என்றால், பரீட்சைக்குப் படிக்கிற யார் வேண்டுமானாலும் வந்து ஒன்று வாங்கிக்கொள்ளலாம். காசு வேண்டாம்.

செய்து பார்க்கிறவர்கள் வீட்டில் பெரியவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்க. மூடி கைக்கு எட்டுற தூரத்தில் இருக்கட்டும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
வேங்கிக்கால்.