நாற்பது காசு, பத்துக் கிண்ணம்

பத்து சென் காசு குறைந்தது நாற்பது தேவை. உண்டியலைத் திறக்க அம்மா விடமாட்டார் என்றால், புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், அதுவும் சரிதான். போன பள்ளி விடுமுறையில், ஷா ஆலத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் என் அக்கா மகளும் இவற்றை வைத்து ஒரு விளையாட்டு ஆடினோம். அவள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்: "மாமா, ஒரு பறவை இன்னும் நூறு வருஷம் இருக்குமா இருக்காதான்னு யாராவது சொல்ல முடியுமா?"

ஓரளவுக்குச் சொல்லலாம். ஜோசியம் இல்லை, கணக்கு.

முதலில் நான்கு காசு மட்டும். ஒவ்வொரு காசும் ஒரு பறவை. எல்லாவற்றையும் ஒரு தடவை சுண்டினால் ஒரு வருஷம் போயிற்று. செம்பருத்திப் பக்கம் விழுந்தால் பறவை பிழைத்தது, ஒரு குஞ்சையும் வளர்த்து ஆளாக்கிவிட்டது. பக்கத்தில் இன்னொரு காசை வையுங்கள். மறுபக்கம் விழுந்தால் பறவை செத்தது, காசை எடுத்துவிடுங்கள். பிறப்பும் இறப்பும் சரிக்குச் சரி. அப்படியென்றால் நான்கு பறவை எப்போதும் நான்கை ஒட்டியே இருக்க வேண்டும், இல்லையா?

அவள் கூட்டம் மூன்றாவது வருஷத்திலேயே காலி. "நீங்க ஏமாத்துறீங்க" என்றாள். மறுபடி ஆடினாள். ஆறானது, எட்டானது, மளமளவென்று சரிந்து ஒன்பதாவது வருஷம் அதுவும் காலி. நான் ஏமாற்றவில்லை. நான்கு காசோடு தொடங்கினால் பத்து வருஷத்துக்குள் எல்லாம் அழிந்துபோக நூற்றுக்கு 55 வாய்ப்பு இருக்கிறது. நாற்பது காசோடு தொடங்கினால்? ஆயிரம் தடவை ஆடினாலும் இரண்டு மூன்று தடவைதான் அழியும். விதி அதேதான். கூட்டம் சிறியது என்பதே ஒரு நோய் மாதிரி.

1970களின் கடைசியில் மார்க் ஷாஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் யெல்லோஸ்டோன் பூங்காவின் கரடிகளுக்கு இப்படித்தான் காசு சுண்டினார், கணினிக்குள். இன்று பறவைகளுக்கும் இதே வேலை நடக்கிறது. எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு தேறும், எத்தனை வயது வாழும் என்று கொடுத்துவிட்டால், கணினி நூறு வருஷத்தை ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்து, எத்தனை தடவை அந்த இனம் தப்பியது என்று சொல்லும்.

இப்போது நாற்பது காசையும் பத்துக் கிண்ணத்தில் நான்கு நான்காகப் போடுங்கள். கிண்ணம் விட்டுக் கிண்ணம் காசு தாவக் கூடாது. மலைப் பறவைகளின் நிலைமை இதுதான்.

மழை பெய்து விட்ட காலையில் எங்கள் மாடியிலிருந்து கிழக்கே பார்த்தால் நீலக் கோடு போல ஒரு மலைத்தொடர் தெரியும். தித்திவாங்சா. அங்கே மயிலுக்கும் காட்டுக்கோழிக்கும் உறவான ஒரு பறவை இருக்கிறது. மலை மயில்கோழி என்று வைத்துக்கொள்வோம். கரும்பழுப்பு உடம்பில் குட்டிக் குட்டிக் கண் புள்ளிகள். இடுவது இரண்டே முட்டை. தீபகற்ப மலேசியாவின் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. கேமரன் மலை, பிரேசர் மலை, கெந்திங் மலைப் பக்கங்களில் உண்டு. கிழக்கே பகாங்கில் தனியாக நிற்கும் பெனோம், தாஹான் மலைகளிலும் உண்டு. நடுவில் இருப்பதெல்லாம் சூடான தாழ்நிலம். செம்பனையும் சாலையும் ஊரும். குளிர்ந்த காட்டுத் தரையில் நடந்து பழகிய பறவை அதைக் கடந்து பக்கத்து மலைக்கு விருந்தாடப் போகாது.

பத்துக் கிண்ணத்தில் ஆடிப் பாருங்கள். பத்து வருஷத்தில் ஐந்தாறு கிண்ணம் காலியாகும். மிஞ்சிய கிண்ணம் ஒன்றில் இரண்டே காசு கிடந்தாலும் அது நான்காகும், எட்டாகும். காசுக்கு ஆண், பெண் என்று ஜோடி தேவையில்லை. பறவைக்கு? இந்த இடத்தில் நம் விளையாட்டு பொய் சொல்கிறது, நிஜம் இன்னும் மோசம். அமெரிக்காவில் ஹீத் கோழி என்று ஒரு பறவை மார்த்தாஸ் வின்யார்ட் என்ற ஒரே தீவில் மிஞ்சியிருந்தது. காவல் போட்டதும் 1916 வாக்கில் ஏறக்குறைய 2,000 வரை பெருகியது. அந்த வருஷம் காட்டுத்தீ. பின்னாலேயே கடுங்குளிர், வல்லூறுகள், நோய். 1927இல் மிஞ்சியவை பதின்மூன்று, அதில் பதினொன்று சேவல்! 1932இல் கடைசிச் சேவலைப் பார்த்தார்கள். அப்புறம் யாரும் பார்க்கவில்லை. 2,000 என்பது பெரிய எண்தான். ஆனால் எல்லாம் ஒரே கிண்ணத்தில். கிண்ணம் பல இருப்பதிலும் நன்மை உண்டு என்று இப்போது புரிகிறதா? தீ ஒரு மலையோடு நின்றுவிடும்.

கிண்ணங்கள் ரொம்பக் காலம் தனித்தனியே இருந்தால் பறவையே மாறிப்போகும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெரிய ஓட்டை. அதற்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைக்கிளி, தெற்கே வெள்ளை வயிறுள்ள வேறொரு சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, உருவம் குருவி. வி.வி. ராபின் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் மரபணுவைப் பார்த்து, 2017இல் இந்தப் பறவைகளுக்கு வைத்த பேரினப் பெயர் 'சோலிகோலா'. சோலையில் குடியிருப்பது என்று பொருள். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் நம் 'சோலை'யை உச்சரித்துத்தான் ஆக வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

இன்னொரு தொல்லையும் இருக்கிறது, சூடு. நூறு மீட்டர் ஏறினால் சுமார் 0.6 பாகை குளிரும். உலகம் ஒரு பாகை சூடானால், பழைய குளிரைத் தேடிப் பறவை 170 மீட்டர் போல மேலே போக வேண்டும். போகட்டுமே என்கிறீர்களா? கச்சாங் பூத்தே கூம்புப் பொட்டலத்தைத் தின்று முடித்ததும் கவிழ்த்து வையுங்கள். அதுதான் மலை. பாதி உயரத்துக்கு மேல் மிஞ்சுவது பாதி இடம் இல்லை, கால்வாசி இடம். பாப்புவா நியூகினியின் கரிமுய் மலையில் 1965இல் ஜேரட் டயமண்ட் என்ற ஆய்வாளர் எந்தப் பறவை எந்த உயரத்தில் என்று எழுதி வைத்தார். ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து வேறு இரண்டு ஆய்வாளர்கள் அதே மலையில் ஏறிப் பார்த்தபோது, பறவைகளின் மேல் எல்லை சராசரியாக நூறு மீட்டருக்கும் அதிகமாக உயர்ந்திருந்தது. தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான தாஹானே 2,187 மீட்டர்தான். அதற்கு மேல் வானம்.

டயமண்ட் எழுதி வைத்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. கணினிக்கும் எண் வேண்டும், எண்ணை யாராவது காட்டில் நின்று எண்ண வேண்டும். முறை எளிது. விடியலில் ஓர் இடத்தில் பத்து நிமிஷம் அசையாமல் நிற்பது, பார்த்ததையும் கேட்டதையும் எழுதுவது, அடுத்த இடத்துக்கு நடப்பது. அடர்ந்த காட்டில் கண்ணைவிடக் காதுதான் எண்ணும். ஒன்றும் தென்படவில்லையா? பூஜ்யம் என்று எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பூஜ்யம் இல்லாத நோட்டில் பறவை குறைவதே தெரியாது.

அந்த விடுமுறையிலேயே கோல குபு பாரு வழியாகப் பிரேசர் மலைக்குப் போனோம். எங்கள் இலக்கு மலாயாச் சீட்டிக்குருவி. இதுவும் தீபகற்ப மலைகளுக்கே உரியது. அதன் அறிவியல் பெயரில் இருக்கும் ராபின்சன், நூறு வருஷத்துக்கு முன் கோலாலம்பூரில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தைக் கவனித்தவர். விடிந்தும் விடியாத பொழுதில் இந்தக் குருவி சாலை ஓரத்துக்கு வரும், வெளிச்சம் ஏறினால் காட்டுக்குள் போய்விடும். இருட்டில், பனியில், ஓர் ஓடைத் திருப்பத்தில் நின்றோம். அட்டை ஒன்று என் காலுறையில் ஏறிக்கொண்டிருந்தது, நான் அசையவில்லை. ஆறாவது நிமிஷம் சாக்கடைக் கல்லின் மேல் கரிய நிழல் ஒன்று குதித்தது. இலையைப் புரட்டியது, தலை நிமிர்த்தியது. தோளில் மட்டும் ஒரு நீல மினுக்கு. அவள் பென்சிலை எடுத்து 'ஒன்று' என்று எழுதினாள்.

மறுநாளும் அதே திருப்பம், அதே நேரம், பத்து நிமிஷம். ஒன்றும் வரவில்லை. நான் காருக்குத் திரும்பிவிட்டேன். அவள் பின்தங்கி, டார்ச் வெளிச்சத்தில் நோட்டில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டுக்கொண்டிருந்தாள்.