சத்தம் கேட்ட பிறகு ஊற்றும் ஆயில்

பாலவனத்தத்திலிருந்து அருப்புக்கோட்டை, அங்கிருந்து திருச்சுழி என்று கரிசலும் செவலும் மாறி மாறி வரும் இந்த வானம் பார்த்த பூமியில் பல குடும்பங்களின் பிழைப்பு ஒற்றை எஞ்சினை நம்பி இருக்கிறது. விடியுமுன் மல்லிகைப் பூவை டவுனுக்குக் கொண்டுபோகும் மொபெட், கரிமூட்டத்துச் சாக்குகளை ஏற்றும் லோடு ஆட்டோ, மழை விழுந்த ஈரம் காய்வதற்குள் ஊர்ப் புஞ்சை முழுவதையும் உழுது முடிக்க வேண்டிய டிராக்டர், கரண்டு இல்லாத கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின். இவற்றில் ஒன்று படுத்துவிட்டால் அன்றைய கூலி போகும். விதைப்பு நேரத்தில் படுத்தால் அந்த வருசமே போகும். அப்படியிருந்தும் எஞ்சின் லொடலொடவென்று சத்தம் போடத் தொடங்கும் வரை உள்ளே இருக்கும் ஆயிலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. சத்தம் வந்ததும் பட்டறைக்கு ஓடி "ஆயிலை மாத்திவிடுங்கண்ணே, சரியாயிரும்" என்கிறோம். பெரும்பாலும் சரியாவதில்லை. சத்தம் வெளியே கேட்கிறது என்றால் உள்ளே உலோகம் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் ஆயில் மாற்றும் நாளைக் காதை வைத்து முடிவு செய்யக் கூடாது, கிலோமீட்டர் மீட்டரை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. வண்டி தின்ற புழுதியையும் எஞ்சின் ஓடிய நேரத்தையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஞ்சினுக்குள் ஓடும் பாகங்கள் ஒன்றையொன்று நேரடியாகத் தொடுவதில்லை. நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நிற்கிறது. அதன் தடிமன் சில மைக்ரான்கள்தான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுமை முழுவதையும் அந்தப் படலம்தான் தாங்குகிறது. உராய்வைக் குறைப்பதோடு அதன் வேலை முடிவதில்லை. பிஸ்டனின் சூட்டை வாங்கி வெளியே கொண்டுவருகிறது, கரியையும் உலோகப் பொடியையும் தன்னில் பிடித்து வைத்துக்கொள்கிறது, ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளியை அடைக்கிறது, துரு ஏறாமல் காக்கிறது. ரேடியேட்டர் இல்லாமல் காற்றால் குளிரும் சிறு வண்டிகளில் ஆயில் குறைந்தால் மசகு மட்டும் குறைவதில்லை, குளிர்ச்சியும் குறைகிறது. சித்திரை வெயிலில் இருவரையும் இரண்டு மூட்டையையும் சுமந்து போகும் மொபெட்டுக்கு இது எவ்வளவு பெரிய சங்கதி என்று சொல்ல வேண்டியதில்லை. மட்டம் இறங்கினால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் மேலே ஹெட்டில் இருக்கும் கேம் ஷாஃப்ட். அதனால்தான் பல வண்டிகளில் முதல் சத்தம் அங்கிருந்து டிக் டிக்கென்று டேப்பட் சத்தமாக வருகிறது. பிறகு டைமிங் செயின் கரகரக்கும். கீழேயிருந்து கனத்த குரலில் டொக் டொக்கென்று கனெக்டிங் ராடு தட்டத் தொடங்கினால் ஆயில் மாற்றிப் பயனில்லை. எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய எதிரி புழுதி. ஆனி, ஆடி மாதக் காற்றில் உழவு காட்டிலிருந்தும் சரளை ரோட்டிலிருந்தும் கிளம்பும் புழுதியில் மணலின் மூலப்பொருளான குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. அது சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலோ, அந்தத் துகள் நேரே சிலிண்டருக்குள் போய் ஆயிலோடு சேர்ந்து அரைப்புப் பசையாகிவிடுகிறது. அதிகம் ஓடும் சிறு பைக்குகள் பலவற்றில் காகித ஆயில் ஃபில்டரே கிடையாது. ஒரு கம்பி வலையும் சுழல் வடிகட்டியும்தான். உள்ளே போன நுண்துகளை வெளியேற்ற ஆயிலை இறக்குவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழியில்லை. வண்டியோடு வந்த கையேட்டில் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். அதே கையேட்டில், புழுதி மிகுந்த இடங்களில் இதைவிட முன்னதாகவே மாற்ற வேண்டும் என்றும் போட்டிருக்கும். அந்தக் குறிப்பை நாம் படிப்பதில்லை. அது எழுதப்பட்டதே நம் ஊர்களைப் போன்ற இடங்களுக்குத்தான். டிராக்டருக்குக் கிலோமீட்டர் கணக்கே பொருந்தாது. பல டிராக்டர் கையேடுகள் 250 மணி நேரம் என்கின்றன. உழவுக் காலத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் ஒரு மாதத்துக்குள் அந்தக் கெடு வந்துவிடும். ஆயில் பாத் ஏர் கிளீனர் உள்ள டிராக்டர்களில் அடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள்: ஒரு வார உழவுக்குள் அடியில் சேறாகப் படிந்திருக்கும். அந்தச் சேறு கிண்ணத்தில் நின்றால் எஞ்சின் பிழைத்தது.

இந்த அசட்டைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1980-இல் வந்த டி.வி.எஸ். 50 தொடங்கி நம் ஊர்களில் இரண்டு தலைமுறை டூ-ஸ்ட்ரோக் மொபெட்டில்தான் பழகியது. அதில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்து ஊற்றினால் போதும். அது எரிந்து போகும், அடுத்த முறை பங்க்கில் புது ஆயில் சேரும். 'ஆயில் மாற்றுவது' என்ற வேலையே எஞ்சினுக்கு இல்லை. இப்போது ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி வெளியே அதே மொபெட்டாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு இயந்திரம். ஒரே ஆயில் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும், கெடும், குறையும். பெட்ரோல் போட்டால் வண்டி ஓடும் என்ற பழைய நம்பிக்கையைப் புது வண்டிக்கும் நீட்டித்ததில் தேய்ந்த எஞ்சின்கள் ஏராளம்.

"ஆயில் இன்னும் கறுக்கவில்லையே" என்பார்கள். நிறம் நம்பகமான அளவுகோல் அல்ல. டீசல் எஞ்சினில் புது ஆயில் ஊற்றிச் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னில் பிடித்து வைக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது என்று பொருள். பெட்ரோல் வண்டியில் ஆயில் தெளிவாகத் தெரிந்தாலும் அதன் சேர்மானப் பொருள்கள் தீர்ந்திருக்கலாம். நிறத்தில் பார்க்க வேண்டியது வேறு: மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மோந்தால் பெட்ரோல் வாடை தூக்கினால் எரிபொருள் இறங்குகிறது, விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்றிருந்தால் புழுதி உள்ளே போயிருக்கிறது. மூன்றில் எது இருந்தாலும் கெடு பார்க்காமல் மாற்ற வேண்டும், மூல காரணத்தையும் தேட வேண்டும். மட்டம் பார்ப்பது இதைவிட எளிது. சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்தி, சில நிமிடம் விட்டு, டிப் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் பார்க்கும் மட்டம் பொய். அதிகமாக ஊற்றுவதும் தவறு. நுரைத்து, சீல் வழியே கசியும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. "கெட்டியான ஆயில் ஊற்றினோம், சத்தம் அடங்கிவிட்டது, அப்புறம் என்ன?" உண்மைதான், அடங்கும். தேய்ந்து அகன்ற இடைவெளியைக் கெட்டி ஆயில் நிரப்புகிறது. ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கும் எஞ்சினை ஓர் அறுவடை வரை ஓட்ட அது உதவலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல எஞ்சினில் அதையே வழக்கமாக்கினால், காலையில் கிளப்பும்போது அந்த ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடக்கும் நேரமும் அதுதான். அதேபோல் 'ஆயில் கம்பெனிக்காரன் விற்பனைக்காகத்தான் அடிக்கடி மாற்றச் சொல்கிறான்' என்ற சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஃபிளஷ், கூடுதல் திரவம் என்று தலையில் கட்டுவதை மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. விலை கூடிய ஆயில் தேவையில்லை, சரியான ஆயில் போதும். டப்பாவின் மேல் கையேடு சொல்லும் தடிமன் எண் இருக்க வேண்டும். கியர் வண்டிக்கு 'ஜாசோ எம்.ஏ.' தரம் வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் ஆயிலில் நனைந்தே இயங்கும் கிளட்ச் வழுக்கக்கூடும். பி.எஸ்.-6 டீசல் வண்டிக்கு அதற்கென்று சொல்லப்பட்ட குறைந்த சாம்பல் ஆயில்தான். பழைய டிராக்டர் ஆயில் அதன் புகை வடிகட்டியை அடைத்துவிடும்.

சரியான எண் அச்சிட்ட டப்பாவுக்குள் சரியான ஆயில்தான் இருக்கிறதா என்பது அடுத்த கவலை. இறக்கிய கழிவு ஆயிலை வடிகட்டி நிறம் தெளிவித்து, பெயர் பெற்ற கம்பெனியின் பழைய டப்பாவில் அடைத்து விற்கும் மோசடி நாடெங்கும் பிடிபட்டிருக்கிறது. டப்பாவே இல்லாத லூஸ் ஆயிலில் யார் தயாரித்தது என்ற சிறு தடயம்கூட இருக்காது. 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகார்த் தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். போலிச் சின்னத்தோடு விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. சீல் உங்கள் கண் முன்னே உடையட்டும். ஊற்றி முடித்ததும் காலி டப்பாவை ஓட்டை போட்டு எறியுங்கள். இந்த ஒரு செயலே போலிக்காரனின் கச்சாப் பொருளைப் பறிக்கிறது. இறக்கிய ஆயிலைக் கண்மாய்க் கரையிலோ வேலிக்கருவேலத் தூரிலோ ஊற்றுவது இன்னும் பெரிய கேடு. புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் உலோகங்களும் அதில் இருக்கின்றன. 2016-ஆம் ஆண்டின் விதிகள் அதை அபாயக் கழிவு என்றே வகைப்படுத்துகின்றன. ஊருணித் தண்ணீரை நம்பும் ஊர்களில் அது மண்ணுக்குள் போகவே கூடாது. பட்டறைக்காரர்கள் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பின் மறுபாதி காகிதத்தில் இருக்கிறது. எஞ்சின் பழுதாகும்போது கம்பெனி கேட்கும் முதல் கேள்வி 'ஆயில் எப்போது மாற்றினீர்கள்?'. பதிலுக்கு ஆதாரம் இல்லையென்றால் வாரண்டி அங்கேயே முடிந்துவிடும். வெளிப்பட்டறையில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுவதும் வழக்கம். 14 கார் கம்பெனிகள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சொன்னது வேறு: வெளியே வேலை பார்த்தார்கள் என்பதற்காகவே மொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையின் கோளாறால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம். அந்த உத்தரவு கார்களைப் பற்றியது, மேல்முறையீடுகளையும் கண்டது. ஆனாலும் வாதாடும்போது எடுத்துக்காட்டத் தகுந்தது. இலவச சர்வீஸ் கெடுக்களை மட்டும் தவற விடாதீர்கள். ஊர் மெக்கானிக் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார் என்பது தெரிந்ததே. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர் அல்லது மணி, ஆயில் பெயர், எண் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினால் போதும். டப்பாவை எறியுமுன் பேட்ச் எண் தெரியப் போட்டோ எடுங்கள், ஆயில் வாங்கிய கடையில் பில் கேளுங்கள். எஞ்சினைப் பிரித்தால் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஆயில் போலி என்றோ வேலை கோளாறு என்றோ சந்தேகம் வந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். உள்ளிருக்கும் ஆயிலில் கால் லிட்டரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள், மிச்ச ஆயில் உள்ள டப்பா இருந்தால் அதைத் தொடாதீர்கள். கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள்; தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாங்கிய இடம் எதுவானாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம். இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயம் இல்லை. சோதனை தேவையென்றால் ஆணையமே மாதிரியைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கான கட்டணத்தை மனுதாரர் கட்ட வேண்டியிருக்கலாம். 'லோடு ஆட்டோ தொழிலுக்கு வாங்கியது, அதனால் நீ நுகர்வோர் இல்லை' என்று எதிர்த்தரப்பு சொல்லும். பயந்து பின்வாங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கி ஓட்டுபவரும் நுகர்வோரே என்று அதே சட்டத்தின் 2(7) பிரிவு விளக்கம் சொல்கிறது. நானூறு ரூபாய் ஆயிலுக்காக யார் ஆணையத்துக்குப் போவார் என்று கேட்கலாம். வழக்கு ஆயில் விலைக்கு மட்டும் அல்ல, அது தின்ற எஞ்சினுக்கும் வேலையிழந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். நோட்டையும் பாட்டிலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.