மூன்று கடைக்கு ஒரு பப்

கல்லாக் கணக்கு – 17

போன வாரம் ஆஸ்திரேலிய பப் ஒன்றின் பாட்டில் ஷாப்பில், அதாவது மதுவைப் பாட்டிலாக வாங்கிப்போகும் கடையில், நின்றிருந்தோம். பெரிய நிறுவனங்களின் விலையோடு அது மோதித் திணறுவதைப் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அவ்வளவு நினைவூட்டினால் போதும்.

இந்த வாரம் குளிர் அறையை எப்படி அடுக்குவது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகத் தேடப்போன இடத்தில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் மதுச் சட்டம் கையில் சிக்கியது. சிறு வியாபாரத்தைப் பற்றி இத்தனை விஷயம் சொல்லும் சட்டத்தை நான் படித்ததில்லை.

1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதன்படி சூப்பர் மார்க்கெட் மது விற்க முடியாது. நானும் நீங்களும் முதல் போட்டு ஒரு பாட்டில் ஷாப்பை மட்டும் தனியாகத் திறந்துவிடவும் முடியாது. முதலில் கையில் ஹோட்டல் உரிமம் இருக்க வேண்டும். அதாவது ஒரு பப் நடத்த வேண்டும். அப்படி நடத்துகிறவர் குறிப்பிட்ட தூரத்துக்குள் மூன்று தனிக் கடைகள் வரை வைத்துக்கொள்ளலாம்.

விளைவைப் பாருங்கள். அரிசி, பால், ரொட்டி விற்றுக்கொண்டிருந்த நிறுவனங்கள் பப் முதலாளிகளாயின. வுல்வொர்த்ஸ் 2004இல் பப் முதலாளி புரூஸ் மேத்திசனோடு கைகோத்து ஏ.எல்.எச். என்ற பப் குழுமத்தை வாங்கியது. அந்த பப்களும், வுல்வொர்த்ஸின் டேன் மர்ஃபிஸ், பி.டபிள்யூ.எஸ். மதுக்கடைகளும் 2021இல் எண்டவர் என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தன. இன்னொரு சூப்பர் மார்க்கெட் நிறுவனமான கோல்ஸ் செய்தது இன்னும் தெளிவு. தன் பப்களை நடத்தும் பொறுப்பை 2019இல் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, பாட்டில் கடைகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. சமையலறை, மேடை, சூதாட்ட எந்திரம் எல்லாம் போகட்டும், பாட்டில் கடை மட்டும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய நிறுவனம் கணக்குப் போட்டிருக்கிறது.

அந்தப் பாட்டில் கடைக்காகத்தான் பப்பையே வாங்கினார்கள். ஆனால் தனி முதலாளிகள் பலர் அதைக் கொல்லைப்புற வரும்படியாகவே நடத்துகிறார்கள். என் ஆதங்கமெல்லாம் இதில்தான்.

வெள்ளிக்கிழமை இரவு. பாரில் வெள்ளை வைன் தீர்ந்துவிடுகிறது. பரிமாறும் பையன் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் பாட்டில் ஷாப் குளிர்பெட்டியிலிருந்து ஆறு பாட்டிலை அள்ளி வருகிறான். கூட்ட நெரிசலில் எங்கே எழுதி வைப்பான்? பாரின் கல்லாவில் அந்த ஆறு பாட்டிலும் கோப்பை கோப்பையாகக் காசாகிவிடுகிறது. மாதக் கடைசியில் இருப்பு எடுத்தால் பாட்டில் ஷாப்பில் ஆறு குறைகிறது. இதுவே வாராவாரம் நடந்தால், பார் கொழிக்கிறது, பாட்டில் ஷாப் நோஞ்சான் என்று முதலாளி முடிவுகட்டிவிடுவார். கதவுக்கருகே ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, எடுப்பதை எல்லாம் பாருக்கு விற்றதாகவே எழுதச் சொன்னால் உண்மையான லாபம் தெரிந்துவிடும். தனிக் கணக்கு இல்லாத கடையில் லாபத்தைக் கூட்டுவது பற்றிப் பேசுவதே வீண்.

அடுத்து தள்ளுபடி. ஒரு ஸ்லாப், அதாவது 24 பாட்டில் பியர், கடைக்காரருக்கு வரி நீங்கலாக 48 டாலருக்கு அடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 66 டாலருக்கு விற்கிறார். அதில் 10 சதவீத ஜி.எஸ்.டி. போக 60 நிற்கும். லாபம் 12. வாரம் 90 பெட்டி போனால் 1,080 டாலர். எதிர்க் கடையைப் பார்த்து 5 சதவீதம் குறைத்து 62.70 என்று பலகை வைக்கிறார். இப்போது கையில் நிற்பது 57, லாபம் 9. அதே 1,080 டாலரைப் பார்க்க 120 பெட்டி விற்க வேண்டும். 10 சதவீதம் குறைத்தால் லாபம் 6. 180 பெட்டி வேண்டும். விலையில் பத்தில் ஒரு பங்கை விட்டதற்கு விற்பனை இரட்டிப்பாக வேண்டும்! அத்தனை பெட்டியை அடுக்க இடமும் தூக்கி வைக்க ஆளும் எங்கே? மொத்தமாகக் கொள்முதல் செய்யும் பெரிய கடை அதைத் தாங்கும். பப் தாங்காது.

ஆகவே பெட்டியின் விலையைத் தொடாமல், அந்தப் பெட்டிக்கு வந்தவர் கையில் இன்னொன்றும் போகும்படி பார்க்க வேண்டும். காரோடு உள்ளே நுழைந்து வாங்கும் டிரைவ் த்ரூ பாட்டில் ஷாப்பில் வாடிக்கையாளர் காரைவிட்டு இறங்குவதே இல்லை. டிக்கியைத் திறந்து பெட்டியை வைக்கும் கடைப் பையன், “ஐஸ் வேணுமா சார்?” என்று கேட்க அந்த ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது. ஒரு பை ஐஸிலும் ஜில்லென்ற ஒரு பாட்டில் வைனிலும் கிடைக்கிற லாப விகிதம் ஸ்லாப்பில் கிடைக்காது.

டிரைவ் த்ரூ என்றதும் பழைய கதை ஒன்று. முதல் உலகப் போரின்போது, 1916இல், நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய மாநிலங்களில் பப்களை மாலை ஆறு மணிக்கே மூட உத்தரவானது. ஐந்து மணிக்கு வேலை முடித்து வருகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் குடிக்க முண்டியடிப்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1955 வரை, விக்டோரியாவில் 1966 வரை இந்தக் கூத்து நடந்தது. குயின்ஸ்லாந்தில் ஆறு மணிக் கட்டுப்பாடு வரவில்லை; 1923 முதல் எட்டு மணிக்கு மூடினார்கள். பப்பில் உட்கார நேரமில்லாதவர்கள் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் வேர்பிடித்த காலம் இது. பின்னால் வீட்டுக்கு வீடு கார் வந்தபோது, கார் நுழையும் அகலத்துக்குக் கடையின் வாசலும் விரிந்தது.

கொள்முதல் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். பாட்டில் பியர் மீதான கலால் வரி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், விலைவாசியை ஒட்டி மாறும். அதற்கு முந்தைய வாரங்களில் ‘ஏறுவதற்குள் வாங்கிப் போடுங்கள்’ என்று விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்பார். மூன்று வாரத்தில் விற்றுத் தீரும் சரக்குக்கு மட்டும் தலையாட்டுங்கள். அதற்குமேல் வாங்கினால், மிச்சமாகும் வரியைவிட முடங்கும் பணம்தான் அதிகம்.

குளிர் அறை அடுத்த வாரத்துக்குப் போகிறது. பாரில் குழாயைத் திறந்து ஊற்றும் அதே பியரைப் பாட்டில் ஷாப்பில் எந்தத் தட்டில் வைப்பது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம்.