தாய்ப்பாலும் இன்ஹேலரும்: தேவையற்ற அச்சமே ஆபத்து

புதுதில்லி: குளிர்காலம் நெருங்கும்போது தலைநகரைப் புகைமூட்டம் சூழ்வது வாடிக்கையாகிவிட்டது. 2019 நவம்பர் 1-ம் தேதி இங்கு பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. 2021-ல் காற்றுத் தர மேலாண்மை ஆணையத்துக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. மாசு குறையும்வரை மூச்சுத் திணறலுடன் வாழ வேண்டியவர்களில், பாலூட்டும் தாய்மார்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது.

மருந்து பாலில் கலந்து குழந்தையைப் பாதித்துவிடுமோ என்று அஞ்சி இன்ஹேலரைக் கைவிடுவோர் உண்டு. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பாலுக்கு மாறுவோரும் உண்டு. இரண்டுமே தேவையற்றவை என்பதே மருத்துவ உலகின் நிலைப்பாடு.

அளவில்தான் வேறுபாடு

சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 2 அல்லது 4 மில்லிகிராம் மருந்து உள்ளது. இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வெளிவருவது 100 மைக்ரோகிராம் மட்டுமே. அதாவது, 2 மில்லிகிராம் மாத்திரையில் இருபதில் ஒரு பங்கு. மருந்து நேரே நுரையீரலைச் சென்றடைவதால், ரத்தத்தில் கலப்பது குறைவு. பாலில் சேர்வது அதனினும் குறைவு.

நோயைக் கட்டுப்படுத்தும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தின் நிலையும் இதுவே. பால் வழியாகக் குழந்தையை அடைவது, தாய் உள்ளிழுக்கும் அளவில் சுமார் 0.3 சதவீதம்தான் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே, பாலூட்டும் நேரத்தைக் கணக்கிட்டு இன்ஹேலரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

தியோஃபிலின் மாத்திரை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. அது குழந்தைக்கு எரிச்சலையும் தூக்கமின்மையையும் ஏற்படுத்தக்கூடும். கடைகளில் தாமாகவே இருமல், சளி மருந்து வாங்கி உட்கொள்வதையும் தாய்மார்கள் தவிர்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியேற்றிய பின், மெதுவாக இழுத்தபடியே அழுத்த வேண்டும். பத்து வினாடிகள் மூச்சை அடக்குவது நல்லது. 'ஸ்பேசர்' குழாயைப் பொருத்தினால் மருந்து தொண்டையில் தங்கி வீணாவது குறையும். ஸ்டீராய்டு மருந்துக்குப் பின் வாய் கொப்பளிப்பது அவசியம்.

மூச்சுத் திணறும்போது மட்டும் நிவாரண இன்ஹேலரை எடுத்துக்கொண்டு, கட்டுப்படுத்தும் மருந்தைப் புறக்கணிப்பது ஆபத்தானது. நிவாரண மருந்தை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என 2019 முதல் சர்வதேச வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன. பேச முடியாத அளவுக்குத் திணறல், உதடு நீலம் பாய்தல் ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்.

சட்டம் உண்டு, ஆலோசனை?

தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விளம்பரத்தைத் தடுக்க 1992-லேயே சட்டம் இயற்றிய நாடு இந்தியா. ஆயினும், 2019-21-ம் ஆண்டு தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதங்களுக்கு உள்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதம் பேரே தாய்ப்பால் மட்டும் பெறுகின்றனர். சால்பியூட்டமால், புடசோனைடு இன்ஹேலர்கள் 2022-ம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.

மருத்துவமனையில் பிரசவித்த தாயின் வீட்டுக்கு 42 நாள்களுக்குள் ஆறு முறை 'ஆஷா' பணியாளர் செல்ல வேண்டும் என்பது விதி. குழந்தையின் எடையை விசாரிக்கும் அந்தச் சந்திப்பில், தாயின் மூச்சைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கப்படுமானால், அச்சத்தால் நிறுத்தப்படும் மருந்தும் தாய்ப்பாலும் தொடர வழி பிறக்கும். அதற்குப் புதிய சட்டம் ஏதும் தேவையில்லை.