கடல்வழியும் கைப்பொருளும்

ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்ல விழைவோன் முதற்கண் ஆராய்வன இரண்டு: செலவு எவ்வளவு, வசதி எத்தகையது என்பன. வழி ஒன்றேயாயின் இவ்வாராய்ச்சிக்கு இடமில்லை. நன்றோ தீதோ அவ்வழியே செல்லல் வேண்டும். பழைய வழி ஒன்றிருக்கப் புதிய வழி ஒன்று தோன்றுங்காலத்தேதான் மனம் இருதலைப்படும். நம் கல்லூரி மாணவருள்ளும் மோட்டார் சைக்கிளில் ஊர்க்குச் செல்வோர் பலராதலின், அவ்வண்டியுடையார் புதியதொரு கடல்வழியைக் கொள்ளுவதா தள்ளுவதா என எங்ஙனம் துணிதல் வேண்டும் என்பதனைக் குஜராத்து நாட்டில் அண்மையில் தோன்றிய கப்பல்வழி ஒன்றன் வாயிலாக ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

அந்நாட்டின் படத்தை நோக்குவார்க்குக் கம்பாத் வளைகுடா நிலத்தை ஆழப் பிளந்துகொண்டு வடக்கே நுழைந்திருத்தல் இனிது புலப்படும். சபர்மதி, மாகி, நருமதை, தபதி என்னும் ஆறுகள் அதன்கண் வந்து கலக்கின்றன. வளைகுடாவின் மேல்கரையிற் பவநகரும், அதற்குச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிற் கோகா என்னும் பழந்துறையும் உள்ளன. கீழ்கரையிற் சூரத்து நகரும், அதற்கு மேற்கே கடலை அடுத்து ஹஜீராத் துறையும் உள்ளன. கோகா முற்காலத்தே கடல் வாணிகத்திற் பேர்பெற்ற துறை. இலங்கையில் மணமகள், கோகாவில் மணமகன் என்னும் கருத்துடைய பழமொழியொன்று குஜராத்தி மக்களிடையே இன்றும் வழங்குகின்றது.

பவநகர், அம்ரேலி முதலிய சௌராட்டிரப் பகுதிகளினின்று சூரத்திற்குச் சென்று வைரம் பட்டை தீட்டும் தொழிலில் அமர்ந்தோர் மிகப் பலர். தீபாவளிக்குப் பட்டறைகள் மூடப்பெறும்போது அவர்கள் தம் ஊர்க்குத் திரும்புவர். ஊரோ வளைகுடாவிற்கு நேர் எதிர்க்கரையில் உள்ளது. ஆயினும் வண்டியுடையார் வடக்கே பரூச்சு சென்று நருமதையைக் கடந்து, வளைகுடாவின் தலைப்பைச் சுற்றி, மீண்டும் தெற்கே இறங்குதல் வேண்டும். கோகாவிற்கும் ஹஜீராவிற்கும் இடையே இந்நிலவழி சுமார் 370 கிலோமீட்டர். கடல்வழியோ சுமார் 90 கிலோமீட்டரே.

இக்குறையை நீக்கவே கப்பல்வழி அமைக்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், கோகாவினின்று நருமதையின் முகத்துவாரத்தை அடுத்த தஹேஜ் என்னும் துறைக்கு முதற்கண் போக்குவரவு தொடங்கிற்று. பின்னர் 2020ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் கோகா – ஹஜீரா வழி திறக்கப்பட்டது. அன்று ஓடத் தொடங்கிய ‘வாயேஜ் சிம்பொனி’ என்னும் கப்பல் 30 லாரிகளையும், 100 கார்களையும், 500 பயணிகளையும் ஏற்றவல்லது. ஆண்டொன்றிற்கு 50,000 இருசக்கர வண்டிகள் இவ்வழியே செல்லும் என அரசினர் அன்று எதிர்பார்த்தனர். அவ்வண்டிகளுள் ஒன்றனை உடையான் என்ன எண்ணுதல் வேண்டும் என்பதே நம் வினா.

திருவள்ளுவர் பொருட்பாலின்கண் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். அவை அரசன் வினைமேற் செல்லுதலைக் குறித்தனவேனும், மோட்டார் சைக்கிளில் ஊர்மேற் செல்லுவானுக்கும் அம்மூன்றும் பொருந்துவனவே. அம்முறையே பற்றி ஆராய்வாம்.

முதலாவது வலி. ஈண்டு அதனைக் கைப்பொருளின் வலிமை எனக் கொள்வோம். கட்டணங்கள் அவ்வப்போது மாறும் இயல்பினவாதலின் அவற்றைக் கூறாது, கணக்கிடும் முறையினையே கூறுவாம். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒன்றனுக்கு 370 கிலோமீட்டர் செல்ல 8 லிட்டர்க்குச் சிறிது மிகுதியாக வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என வைத்துக்கொள்ளின், பெட்ரோற் செலவு சுமார் 820 ரூபாய் ஆகும். பலர் இத்துடன் கணக்கை முடித்து, கப்பற் கட்டணம் இதனின் மிக்கதோ குறைந்ததோ என நோக்கித் துணிந்துவிடுவர். இது குறைக்கணக்கு. டயர் தேய்கின்றது, சங்கிலி தளர்கின்றது, என்ஜின் எண்ணெய் கெடுகின்றது. இத்தேய்மானத்திற்குக் கிலோமீட்டர்க்கு அரை ரூபாயே வைப்பினும் 185 ரூபாய் ஆகின்றது. வழியில் உணவிற்கும் தேநீர்க்கும் 150 ரூபாய் வைப்பின், மொத்தம் 1,155 ரூபாய். கப்பற் கட்டணத்தோடு ஒப்பிடற்குரியது இத்தொகையேயன்றி அந்த 820 ரூபாய் அன்று. லிட்டர்க்கு 25 கிலோமீட்டரே ஓடும் பெரிய வண்டியாயின் பெட்ரோலுக்கு மட்டுமே 1,480 ரூபாய் ஆகும். அத்தகைய வண்டிக்குக் கடல்வழி எளிதில் இலாபமாகக்கூடும்.

ஈண்டு மறத்தலாகாதன இரண்டு உள. ஒன்று, தேசிய நெடுஞ்சாலைகளில் இருசக்கர வண்டிகட்குச் சுங்கம் இல்லை. ஆதலின் காருடையான் கப்பலேறுதலாற் பெறும் சுங்க மிச்சம் இவனுக்கு இல்லை. மற்றொன்று, நிலவழியிற் செலவு வண்டியைப் பற்றியது. கடல்வழியிலோ வண்டிக்கு ஒரு சீட்டும் ஆளுக்கு ஒரு சீட்டுமாகும். தம்பியைப் பின்னே ஏற்றிக்கொண்டு செல்வோனுக்குச் சாலையிற் பெட்ரோல் பெரிதும் மிகுவதில்லை. கப்பலிலோ சீட்டு ஒன்று மிகும். தனியே செல்வோனுக்கு இலாபமான வழி, இருவராய்ச் செல்வோர்க்கு நட்டமாதல் இதனால் விளங்கும்.

இரண்டாவது காலம். 10 முதல் 12 மணி நேரம் வரை கொண்ட பயணம் சுமார் 4 மணியாகச் சுருங்கும் என்று தொடக்கத்தே கூறப்பட்டது. இது பெரிதும் சரக்கு வண்டிகளைக் கருதிய கணக்கு. மோட்டார் சைக்கிளில் மணிக்குச் சராசரி 45 கிலோமீட்டர் செல்வோன் 370 கிலோமீட்டரைச் சிறிதேறக்குறைய எட்டேகால் மணியிற் கடப்பான். இளைப்பாறுதற்கு இரண்டு மணி கூட்டின் பத்தேகால் மணி. கப்பலிற் செல்வோனுக்கோ கடற்பயணம் சுமார் 4 மணி. புறப்பாட்டிற்கு ஒரு மணி முன்னர்த் துறையை அடைதல் வேண்டும். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து வெளியேற அரை மணி ஆகும். ஆக ஐந்தரை மணி. எனவே துறைக்குத் துறை மிச்சமாவது ஐந்து மணிக்கும் குறைவே. இதனிலும் குறையும் உண்டு. அதனை இடம் பற்றிக் கூறுமிடத்துக் காண்பாம்.

ஆயினும், மணிகள் எண்ணால் ஒக்குமேனும் தன்மையால் ஒவ்வா. சாலையிற் கழியும் மணியில் கண் இமையாது நோக்கல் வேண்டும். மணிக்கட்டும் முதுகும் நோவன. கப்பலிற் கழியும் மணியில் உறங்கலாம், உண்ணலாம், தேர்விற்குப் படிக்கலாம். பகலெல்லாம் பட்டறையிற் குனிந்திருந்து, கூலி பெற்ற மாலையே வண்டியேறி இரவு முழுதும் ஊர்ந்து செல்லும் தொழிலாளியை எண்ணிப்பாருங்கள். அவன் மிச்சப்படுத்தும் ரூபாய் அவன் கணக்கிற் காண்கின்றது. அரைக்கண் உறக்கத்தோடு லாரிகளுக்கிடையே அவன் கடந்த வழியின் அபாயம் எக்கணக்கிலும் காண்பதில்லை. உடலின் ஆற்றலைச் செலவிற் சேர்க்காதவன் கணக்கு, கூட்டல் கழித்தல் பிழையாதிருந்தும் பிழைபட்ட கணக்கேயாம்.

மூன்றாவது இடம். வழியின் நீளம் துறைக்குத் துறை அளக்கப்படுகின்றது. ஆனால் மக்கள் துறையில் வாழ்வதில்லை. சூரத்து நகரினின்று ஹஜீரா செல்லவும், கோகாவினின்று பவநகர் செல்லவும், நகர நெரிசலையும் கூட்டி ஒன்றரை மணி ஆகும் எனக் கொள்ளின், முற்கூறிய மிச்சம் மூன்று மணி அளவாகச் சுருங்குகின்றது. பவநகர், தளாஜா, மகுவா, பாலிதானா ஆகிய ஊர்களுக்குச் செல்வோர்க்கு அதுவும் பெரிதே. வடோதராவில் இருப்பவனோ, வடக்கினின்று தெற்கே ஹஜீரா வரை இறங்கிக் கப்பலேறுதல் மூக்கைச் சுற்றித் தொடுதலை ஒக்கும். ஆதலின் ‘கப்பல் நன்றோ சாலை நன்றோ’ என்னும் வினாவிற்கு எல்லார்க்கும் பொதுவான விடை இல்லை. ‘எவ்வீட்டினின்று எவ்வீட்டிற்கு’ எனக் கேட்ட பின்னரே விடை கூறுதல் கூடும்.

இனி, கடலின் இயல்பு பற்றியும் சில கூறுதல் இன்றியமையாதது. இவ்வளைகுடாவின் ஓதம் மிகப் பெரிது; நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையே சிலவிடங்களில் 10 மீட்டர்க்கு மேலும் வேறுபாடு உண்டு. அதனாற் கோகாவில் ஒருமுனை நிலத்திலும் மறுமுனை மிதவையிலும் பொருந்திய பாலம் அமைத்துள்ளனர். நீர் ஏற மிதவையும் ஏறும், இறங்க அதுவும் இறங்கும். ஓதத்தோடு ஆறுகளின் வண்டலும் சேர்கின்றது. முற்கூறிய தஹேஜ் வழி, அத்துறையில் நீராழம் போதாமையால் 2019ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. சாலைக்குக் கால அட்டவணை இல்லை, விரும்பியபோது புறப்படலாம். கப்பலுக்கோ நேரமும் வானிலையும் உண்டு. ஆகவே புறப்படுமுன் அன்று கப்பல் உண்டோ எனக் கேட்டறிதலும், இல்லையெனிற் சாலைவழிச் செல்லுதற்கு வேண்டும் பொருளையும் பொழுதையும் கையிருப்பாக வைத்தலும் அறிவுடைமை.

வண்டியைக் கப்பலில் நிறுத்தும் முறையும் அறியத்தக்கது. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, முதற் கியரில் விட்டு, பட்டைக் கயிற்றாற் தளத்தோடு இறுகப் பிணித்தல் வேண்டும். கயிறு உராயுமிடத்துத் துணி வைப்பின் வண்ணம் கெடாது. பெரும்பாலான கப்பல்களில் ஓட்டத்தின்போது வண்டித் தளத்திற்குச் செல்ல விடாராதலின், வேண்டும் பொருள்களை முன்னரே எடுத்துக்கொள்ளல் நன்று. ஊர் சேர்ந்தபின் நன்னீராற் கழுவாவிடின் உப்பு இரும்பை அரிக்கும். கப்பற் பயணத்தின் செலவில் இச்சிறு தொல்லைகளையும் சேர்த்தெண்ணுதல் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவது யாது? புதிய வழி எனக் கேட்டதும் மகிழ்ந்து ஏறுதலும், கட்டணத்தைக் கேட்டதும் வெகுண்டு விலகுதலும் இரண்டும் தவறாம். தனியே செல்வோன், துறைக்கு அண்மையில் உள்ளோன், களைத்த உடலோடு புறப்படுவோன் ஆகிய மூவர்க்கும் கடல்வழி சிறந்தது. குடும்பத்தோடு செல்வோன், துறைக்குச் சேய்மையில் உள்ளோன், நேரத்திற் கட்டுண்ண இயலாதோன் ஆகியோர்க்குச் சாலையே ஏற்றது. செல்வமுடையான் தன் பொழுதை விலைகொடுத்து மீட்கின்றான். வறியவனோ பொருளைக் காக்கத் தன் பொழுதையும் உடலையும் கொடுக்கின்றான். ஆகலின் இத்தகைய கப்பல்களில் இருசக்கர வண்டிக்கு விதிக்கும் கட்டணம், அக்கப்பல் யாருக்காக ஓடுகின்றது என்பதனை உரைக்கும் சான்றாகும். அரசினரும் கப்பலுடையாரும் அதனைக் கருதுவாராக. நாமும் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், பணப்பையைத் திறந்து எண்ணுமுன், நம் வரவை நோக்கி வாயிலில் நிற்கும் அன்னையின் முகத்தையும் ஒருமுறை நினைந்து கணக்கிடுவோமாக.