பசலி என்னும் சொல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசல் ஊர்களில், பழைய நிலத் தாள்களை விரிக்கும் இளைஞர், 'பசலி 1330' என்பதைக் கண்டு திகைப்பதுண்டு. அவ்வெண்ணோடு 590ஐக் கூட்டினால் 1920. 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரையிலான ஆண்டு அது. அடங்கலும் தீர்வை இரசீதும் இக்கணக்கிலேயே அமைந்தவை. எனவே இதனை அறியாதவர், பாட்டனார் உழுத நிலத்தின் அனுபவத்தை மெய்ப்பிக்க இயலாது நிற்க நேரும்.

அரபியில் 'ஃபஸ்ல்' என்பதன் வேர்ப்பொருள் பிரித்தல். ஆண்டைப் பிரிப்பதால் பருவம் என்றும், நூலைப் பிரிப்பதால் அத்தியாயம் என்றும் அது பொருள்பட்டது. உருதுவிலும் இந்தியிலும் 'ஃபஸல்' என்றால் விளைச்சல். கடல் கடந்து இந்தோனேசியாவில் 'பாசல்' என்பது சட்டத்தின் ஒரு பிரிவு. ஒரே சொல், சென்ற இடமெல்லாம் வெவ்வேறு தொழில் செய்கிறது!

பிறைக்கணக்கான ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. அதன்படி வரி தண்டினால், அறுவடைக்கு முன்பே தவணை வந்து நிற்கும். ஆகவே அக்பர் ஆட்சியில் விளைச்சலைப் பின்பற்றும் பசலி ஆண்டு ஏற்பட்டது. தென்னகத்தில் அது ஷாஜஹான் காலத்தில், ஹிஜ்ரி 1046ஐ ஒட்டி, கி.பி. 1636இல் நிலைபெற்றது. 590 என்னும் வேறுபாடு அங்கிருந்தே வருகிறது.

நம் மானாவாரிப் பகுதிக்கு இவ்வாண்டு நன்கு பொருந்துவதைக் காண்கிறோம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த சோளமும் கம்பும் தை, மாசியில் களத்துக்கு வருகின்றன. ஜனவரியில் பிறக்கும் ஆண்டு இவ்வெள்ளாமையை இரண்டாக வெட்டிவிடும். பசலியோ விதைப்பையும் அறுப்பையும் ஒரே ஆண்டுக்குள் வைக்கிறது.

இவ்வேரினின்று தமிழுக்கு வந்தது பசலி மட்டுமன்று. கணக்கைத் தீர்க்கும் 'பைசல்', பத்திரத்தில் சொத்து விவரம் கூறும் 'தபசில்' ஆகியனவும் அதன் உடன்பிறப்புகளே. 'தாசில்', 'வசூல்' ஆகியவற்றையும் இக்குடும்பத்தில் சேர்க்கத் தோன்றும். அவற்றின் வேர்கள் வேறு. வசூலின் வேருக்குப் பொருள் சேர்தல், அதாவது ஃபஸ்லுக்கு நேர் எதிர்.

1855க்கு முற்பட்ட தாள்களைப் படிப்போர்க்கு ஒரு குறிப்பு: அக்காலத்தில் சென்னை மாகாணப் பசலி ஜூலை 1இல் அன்றி, ஆடிப் பிறப்பை ஒட்டி ஜூலை இடையில் தொடங்கிற்று.