நாட்டுச்சேவல் இறகில் ஒரு 'கல் ஈ'... டிரவுட் மீனை ஏமாற்றும் கலையும், அது சொல்லும் ஆற்று ரகசியமும்!

தருமபுரி - சேலம் நெடுஞ்சாலையில் இருக்கிறது நல்லம்பள்ளி. வாரச்சந்தை கூடும் நாளில் ஆடும் நாட்டுக்கோழியும் கைமாறும் ஊர். கால் கட்டிக் கிடக்கும் சேவலைத் தூக்கிப் பார்ப்பவர்கள் எடையைப் பார்ப்பார்கள், கொண்டையைப் பார்ப்பார்கள், காலில் முள் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். கழுத்தில் பளபளக்கும் அந்த மெல்லிய இறகை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சேவல் குழம்புக்குப் போனால், இறகு குப்பைக்குப் போகும்.

ஆனால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உள்ள தூண்டில் கடைகளில், அதே கழுத்து இறகு தோலோடு பதப்படுத்தப்பட்டு, 'இந்தியச் சேவல்' என்ற பெயரிலேயே விற்பனைக்குத் தொங்குகிறது. அதை வாங்குபவர்கள் தூண்டில் முள்ளில் நூலால் சுற்றி, பூச்சி போலவே ஓர் உருவம் செய்கிறார்கள். குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை ஏமாற்றத்தான் இத்தனை வேலையும்.

அவர்கள் செய்யும் பூச்சிகளில் மிகப் பழையது ஒன்று உண்டு. அதன் பெயர் 'ஸ்டோன்ஃப்ளை'. தமிழில் 'கல் ஈ' என்று வைத்துக்கொள்ளலாம். 1496-ல் இங்கிலாந்தில் அச்சான ஒரு தூண்டில் நூலில் 12 வகைப் பூச்சித் தூண்டில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. அந்தப் பட்டியலிலேயே கல் ஈ இருக்கிறது. 500 ஆண்டுகள் கடந்தும் அதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

யார் இந்த கல் ஈ?

பெயரில்தான் ஈ. நம் வீட்டு ஈக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஓடும் நீரில் பிறந்து வளரும் தனிப் பூச்சி இனம்.

முட்டையிலிருந்து வந்த இளம்பூச்சி, ஆற்றடியில் கற்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வாழும். பெரும்பாலானவை ஓராண்டு இப்படியே கழிக்கும். வட அமெரிக்காவின் பெரிய வகைகள் மூன்று, நான்கு ஆண்டுகள்கூட நீருக்குள்ளேயே இருக்கும். காலம் வந்ததும் கரையோரக் கல்லின் மேல் ஊர்ந்து ஏறி, சட்டையைக் கழற்றுவதுபோலப் பழைய தோலை உரித்துவிட்டு, இறக்கையோடு வெளியே வரும். அதன்பிறகு அதற்கு ஆயுள் சில நாள்கள், மிஞ்சினால் சில வாரங்கள். ஜோடி சேர்ந்து, நீரில் முட்டையிட்டுவிட்டு முடிந்துபோகும்.

அடையாளம் காண்பது எளிது. இளம்பூச்சிக்குப் பின்னால் இரண்டு வால்கள் இருக்கும். ஆறு கால்களும் பரந்து நிற்கும். வளர்ந்த பூச்சி உட்காரும்போது இறக்கைகளை முதுகின் மேல் தட்டையாக மடித்துக்கொள்ளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளிலும் 'நியோபெர்லா' என்ற கல் ஈ வகை வாழ்கிறது.

நீலகிரிக்கு வந்த விருந்தாளி

டிரவுட் நம் ஊர் மீன் அல்ல. நீலகிரியில் இருக்கும் வானவில் டிரவுட்டின் பூர்வீகம், பசிபிக் பெருங்கடலில் கலக்கும் வட அமெரிக்க, கிழக்கு ரஷ்ய ஆறுகள்.

ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்களுக்குத் தங்கள் நாட்டு ஓடை நினைவு விடவில்லை. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், இங்கே டிரவுட்டைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்க்க முயன்றார். பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசின் மீன்வள நிபுணர் ஹென்றி சார்லஸ் வில்சன் அந்த வேலையைக் கையில் எடுத்தார். 1907-ல் ஊட்டிக்கு அருகே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை உள்ளிட்ட இடங்களிலிருந்து கருமுட்டைகள் வந்தன. இந்த முறை மீன் பிழைத்தது.

ஏன் அவலாஞ்சி? குளிர்தான் காரணம். நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். 10 டிகிரி செல்சியஸ் நீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம்தான். வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினாலே டிரவுட் திணறும். 25-ஐத் தாண்டிப்போனால் உயிருக்கே ஆபத்து. தருமபுரி வெயிலில் காயும் நம் ஏரிகளில் இந்த மீனை விட்டால் கோடையைப் பார்க்காது.

கட்டுவது எப்படி?

ஒரு சிறிய வைஸ், கூர்மையான கத்தரிக்கோல், நூல்கண்டு, நீளமான தண்டுள்ள தூண்டில் முள். கருவிகள் இவ்வளவுதான்.

* முதலில் முள்ளை வைஸில் பொருத்தி, அதன் தண்டில் மெல்லிய ஈயக் கம்பியைச் சுற்ற வேண்டும். இளம்பூச்சி ஆற்றடியில் வாழ்வதால், கட்டும் பூச்சியும் மூழ்க வேண்டும். ஈயம் நீரை நஞ்சாக்கும் என்பதால் இப்போது பலர் டங்ஸ்டன் மணிக்கு மாறிவிட்டார்கள்.

* வாத்து இறகின் ஓரத்திலிருந்து இரண்டு விறைப்பான பிசிர்களை எடுத்து, V வடிவில் வாலாகக் கட்டுவார்கள்.

* பழுப்பும் மஞ்சளும் கலந்த ரோமத்தை நூலில் திரித்து, வயிற்றுப் பகுதியைச் சுற்றுவார்கள். அதன் மேல் இடைவெளி விட்டுச் செப்புக் கம்பி ஓடும். பூச்சியின் உடல் மடிப்பு வந்துவிடும்.

* அடுத்து கால்கள். கோழிக் கழுத்து இறகு இங்கேதான் வருகிறது. நெஞ்சுப் பகுதியில் அதை இரண்டு சுற்று சுற்றினால், பிசிர்கள் விரிந்து கால்களைப்போல நிற்கும். மேலே வான்கோழி வால் இறகை மடித்துக் கட்டினால் இறக்கை உறை தயார்.

மூழ்கும் பூச்சிக்குப் பெட்டைக்கோழியின் மெத்தென்ற இறகு வேண்டும். நீரில் அது அசைந்துகொடுக்கும். மிதக்கும் பூச்சிக்கு வயதான சேவலின் விறைப்பான இறகு வேண்டும். நீர்ப்பரப்பில் அது காலூன்றி நிற்கும். இளஞ்சேவலின் இறகு பாதியில் மடங்கிவிடும்.

பழகிய கைக்கு ஒரு பூச்சி கட்டப் பத்து நிமிடம். இலங்கை, கென்யா, தாய்லாந்து போன்ற நாடுகளில் இதுவே ஏற்றுமதித் தொழில். பெரும்பாலும் பெண்கள் வரிசையாக அமர்ந்து கட்டுகிறார்கள்.

வீசுவதிலும் ஒரு கணக்கு

நம் ஊரில் மண்புழு குத்திய தூண்டிலை வீசும்போது, ஈயக் குண்டின் எடை தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். பூச்சித் தூண்டிலில் அது தலைகீழ். பூச்சிக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். கயிறுதான் கனமானது. கயிற்றைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீச, அது நுனியில் உள்ள பூச்சியைச் சுமந்து செல்கிறது.

ஓடையின் மேல்பக்கமாக வீசி, பூச்சியைக் கற்களை ஒட்டி உருண்டுவர விட வேண்டும். உண்மையான கல் ஈக்கு நன்றாக நீந்தத் தெரியாது. பிடி நழுவினால் நீரோட்டம் போகிற வேகத்தில்தான் அதுவும் போகும். தூண்டில் பூச்சி அதைவிட வேகமாகவோ மெதுவாகவோ வந்தால் டிரவுட் திரும்பிக்கூடப் பார்க்காது. பூச்சி எத்தனை அழகாக இருந்தாலும், நடை பிசகினால் வேஷம் கலைந்துவிடும்.

காட்டுக்கோழி கொடுத்த விலை

இந்தக் கலைக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகில், மெழுகு சொட்டியதுபோல வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் இருக்கும். நீரில் அது மீனின் கண்போல மின்னும். சால்மன், டிரவுட் தூண்டில் பூச்சிகளுக்கு அந்த இறகு வேண்டும் என்று வெளிநாட்டில் கிராக்கி ஏற, இங்கே காடுகளில் கண்ணிகள் பெருகின. ஓர் இறகுத் தோலுக்கு ஓர் உயிர்.

1960-களின் இறுதியில் இதன் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இந்தப் பறவையைக் காக்கிறது. பிரிட்டனில் இதைக் கூண்டில் வளர்த்து இறகு எடுக்கத் தொடங்கினார்கள். நம் காட்டில் இதைப் பிடிப்பது இன்றும் குற்றம்தான். சந்தையில் விற்கும் நாட்டுச்சேவலின் இறகை எடுக்க எந்தத் தடையும் இல்லை.

டிரவுட் மீதும் ஒரு கேள்வி இருக்கிறது. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட்டும் இடம்பெற்றுள்ளது. மலை ஓடையில் இருக்கும் பூச்சிகள், தலைப்பிரட்டைகள் எல்லாம் அதற்கு இரை. விருந்தாளி நம் கல் ஈக்களையும் சேர்த்தே தின்கிறது. அதனால் புதிய ஓடைகளில் இதை விடுவது சரியல்ல.

தொப்பையாற்றில் கல்லைப் புரட்டினால்?

சரி, நல்லம்பள்ளிக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

ஏற்காடு மலையில் பிறக்கும் தொப்பையாறு, நல்லம்பள்ளி வட்டத்தின் வழியே வந்து காவிரியில் சேர்கிறது. அதில் டிரவுட் கிடையாது, இருக்கவும் முடியாது. ஆனால் பூச்சி கட்டுபவர்கள் ஆற்றுக்குப் போனதும் தூண்டிலைத் தொடுவதற்கு முன் செய்யும் முதல் வேலையை யாரும் செய்யலாம். ஒரு கல்லைத் தூக்கி, அடிப்பக்கத்தைப் பார்ப்பதுதான் அது.

கல் ஈக்குச் சுத்தமான, ஆக்ஸிஜன் நிறைந்த, ஓடுகிற நீர் வேண்டும். சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போகும் பூச்சிகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் பல நாடுகளில் ஆற்றின் நலத்தைக் கணிக்க, அதையும் வேறு சில நீர்ப்பூச்சிகளையும் எண்ணிப் பார்க்கிறார்கள். சிவப்புப் புழுக்கள் மட்டுமே நெளிந்தால் ஆறு நோயில் இருக்கிறது என்று பொருள். இரட்டை வால் பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறு நலமாக இருக்கிறது.

இதற்குக் கருவியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஒரு வெள்ளைக் கிண்ணமும் கொஞ்சம் பொறுமையும் போதும். அணை திறக்காத நேரமாக, ஆழமில்லாத இடமாக, பெரியவர்கள் துணையோடு குழந்தைகளை அழைத்துப் போகலாம். பார்த்து முடித்ததும் பூச்சியை நீரில் விட்டு, கல்லைப் புரட்டிய இடத்திலேயே பழையபடி வைத்துவிட வேண்டும். அது அதன் வீடு!